தப்பான பக்கம் திரும்பியவர்

"எங்க அம்மா ஏமாத்தினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியணும்," என்றாள் அந்தப் பெண். "ஏமாத்தலைன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம். எது உண்மையோ அது போதும்."

சர்வேயர் எழுந்து, எதிர் நாற்காலியில் கிடந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்தார். அவள் உட்கார்ந்தாள். தோளில் பயணப் பை. ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிய தடம் கன்னத்தில் இன்னும் மறையவில்லை. விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்க வேண்டும்.

அவரை எல்லோரும் சர்வேயர் என்றுதான் அழைத்தார்கள். தீப்பிடித்த கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் போய், நடந்தது என்ன என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். நெருப்பில்லாத புதிர்களும் சில நாள் மாடிப்படி ஏறி வந்தன. கீழே கணினி பழுது பார்க்கும் கடை. அதை நடத்தியவர் அவருடைய தங்கையின் கணவர். தெருவுக்கே அவர் மாப்பிள்ளை. கடையில் ஆள் இல்லையென்றால் மாப்பிள்ளை மேலே வந்துவிடுவார். மேலே ஆள் வந்தால், கடையில் ஆள் இருந்தாலும் வந்துவிடுவார்.

"எதுல ஏமாத்தினாங்க? சீட்டா, சொத்தா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"கேம்ல. ஆன்லைன் கேம்."

மாப்பிள்ளை சிரிக்க வாயெடுத்தார். சர்வேயர் அவர் பக்கம் திரும்பினார். சிரிப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் சர்வேயர்.

ஆட்டத்தின் பெயர் பாழ்மாளிகை. இருண்ட மாளிகைக்குள் இரண்டு அணிகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு. எதிரணியின் விளக்கொளி மேலே விழுந்தால் அவுட். சுவர்களுக்குப் பின்னால் பதுங்கி, அவர்கள் நம்மைக் காண்பதற்கு முன் நாம் அவர்களைக் காண வேண்டும். மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது, கல்லூரியில் வைத்திருந்த கணினியை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தாள். ஆட்டத்தையும் அவளே கற்றுக்கொடுத்தாள்.

"போன்ல பேசினா சாப்டியா, தூங்கினியான்னு முடிஞ்சுடும் சார். விளையாடும்போதுதான் நாங்க நிஜமா பேசுவோம். ஒளிஞ்சுகிட்டு நிக்கறப்போ அம்மா எதை எதையோ சொல்லுவாங்க. அப்பா போன வருஷத்தைப் பத்திக்கூட அப்படித்தான் சொன்னாங்க."

அவர்கள் அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. நாளை மதியம் ஆட்டம். அவள்தான் கேப்டன்.

"ஆனா சுவருக்குப் பின்னாடி யாராவது வந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சுடுது. சத்தமில்லாம வந்தாலும் தெரியுது. எப்படிம்மான்னு கேட்டா, தோணுச்சுடின்னு சொல்றாங்க. போன மாசம் லீவுல வீட்டுக்குப் போனேன். வெக்கை தாங்காம ஃபேனைப் போட்டுட்டு, ஸ்டூலை இழுத்து அவங்க பக்கத்துலயே உக்காந்து பார்த்தேன். அன்னைக்கு எடுத்ததெல்லாம் தோல்வி. ஒண்ணுமே தெரியலை. நான் ஊருக்குத் திரும்பினதும் பழையபடி ஜெயிக்க ஆரம்பிச்சுட்டாங்க." அவள் பயணப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "பக்கத்துல ஆள் இருந்தா செய்ய முடியாத ஏதோ ஒண்ணு. வேற என்ன நினைக்க முடியும்?"

"கம்பெனிக்குப் புகார் போயிருக்கணுமே. யார் கொடுத்தது?"

"நான்தான். அணியில ஒருத்தர் மேல சந்தேகம் வந்தா, அந்த அணி கேப்டன்தான் எழுதணும்னு விதி. அம்மாவுக்குத் தெரியாது."

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நிறுவனம் அம்மாவை வரவழைத்துத் தங்கள் அலுவலகக் கணினியில் ஆடச் சொல்லியிருக்கிறது. அங்கே அவர் நேற்று கற்றுக்கொண்டவர் போல ஆடியிருக்கிறார். இன்று மாலை தடையை அறிவிக்கப் போகிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வர முடியாது. தடை கணினிக்குள் இருக்கும் சில்லின், அதாவது சிப்பின், மேலேயே விழும். பெயரும் வெளியே வரும்.

"தடை வந்தா வரட்டும் சார்," என்றாள் மகள். "அவங்க அவ்வளவு நாளா என்கிட்ட பேசினதுல எது நிஜம்னு தெரியாம என்னால இருக்க முடியாது."

சர்வேயர் சட்டைப் பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டார். கிளம்புகிறார் என்று அர்த்தம்.

---

நிறுவனத்தில் ஆட்டத்தின் பாதுகாப்பைக் கவனித்தவரைச் சக ஊழியர்கள் பூட்டுக்காரர் என்று கூப்பிட்டார்கள். மெலிந்த மனிதர். சில நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். அவர் அறையில் வரிசையாகப் புதிய கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகின்றன என்று அவற்றின் சிறு விளக்குகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. எங்கும் நூலக அமைதி.

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணின நொடியிலேர்ந்து உள்ளே எழுந்து வர்ற ஒவ்வொண்ணுக்கும் முத்திரை இருக்கான்னு பார்க்கும்," என்று அவர் விளக்கினார். "முத்திரை இல்லாதது ஏறவே முடியாது. என்னென்ன ஏறுச்சுன்னு மதர்போர்டுல இருக்கற பாதுகாப்புச் சில்லு நினைவு வச்சுக்கும். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி அந்தச் சில்லு எங்க சர்வருக்கு சாட்சி சொல்லணும். அது போடற கையெழுத்தை வேற யாரும் போட முடியாது."

"வெளியிலேர்ந்து ஒரு கார்டைச் சொருகி மெமரியைப் படிச்சா?" என்று மாப்பிள்ளை மடக்கினார். இந்தக் கேள்வியைப் பேருந்தில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தார்.

"அனுமதி இல்லாத கார்டு மெமரியைத் தொட முடியாது. அந்தத் தடுப்பு ஆன்ல இருக்கான்னும் சில்லு சொல்லிடும்."

"அந்த அம்மாவோட சில்லு என்ன சொல்லுச்சு?" என்று சர்வேயர் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்குன்னு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்புறம் ஏன் தடை?"

பூட்டுக்காரர் கைகளை விரித்தார். "அவங்களுக்குத் தெரியுதே சார். என் பூட்டுல எங்கேயோ ஓட்டை இருக்கு. அதை அவங்க கண்டுபிடிச்சிருக்காங்க, என்னால முடியலை. ஒரு மாசமா தேடறேன்."

"அவங்க ஆடினதைப் பார்க்கலாமா?"

பதிவுகளை ஓட்டிக் காட்டினார். திரையில் ஓர் இருட்டறை. அம்மாவின் கையிலிருந்த விளக்கு அணைந்திருந்தது. அடுத்த அறையில் எதிராளி ஒருவர் மெல்ல நுழைவதை மேலிருந்து பார்க்கும் படம் காட்டியது. நடுவே தடித்த சுவர். எதிராளி நெருங்கியதும் அம்மாவின் விளக்கு சட்டென்று எரிந்து உயர்ந்தது. இடது வாசலுக்குத் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. உடனே வலது வாசலுக்குத் திரும்பியது. எதிராளி பிடிபட்டார்.

"பார்த்தீங்களா, எப்படித் தெரியும்?" என்றார் பூட்டுக்காரர்.

"இன்னொண்ணு போடுங்க."

இன்னொன்று. மறுபடியும் விளக்கு உயர்ந்தது. இம்முறை வலது பக்கம் திரும்பியது. எதிராளி இடப்பக்கத்திலிருந்து வந்து அம்மாவையே பிடித்துவிட்டார். சர்வேயர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். மாப்பிள்ளைக்குக் கொட்டாவி வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரோ வந்துட்டாங்கன்னு தெரியுது," என்றார் சர்வேயர் கடைசியில். "எந்தப் பக்கம்னு தெரியலை. பாதி தடவை தப்பான பக்கம் திரும்பறாங்க."

"தெரியாத மாதிரி நடிக்கலாமே."

"தப்பான பக்கம் திரும்பி அவுட்டே ஆகியிருக்காங்க. தோத்துப்போற அளவுக்கு யாரும் நடிக்க மாட்டாங்க." அவர் எழுந்தார். "நான் தீப்பிடிச்ச இடத்துக்குப் போனா, எது எரிஞ்சதுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி எது எரியலைன்னு பார்ப்பேன். நான் சொல்ற வரைக்கும் அறிவிக்காதீங்க. கூப்பிட்டா அந்த அம்மா வீட்டுக்கு வரணும். உங்க லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "மச்சான், இந்த ஆளேதான். பூட்டு செஞ்சவன்கிட்டதான் மாத்துச் சாவி இருக்கும். யாருக்கோ வித்திருக்கான்."

"மாத்துச் சாவி வித்தவன் ஒரு மாசம் தூங்காம ஓட்டையைத் தேட மாட்டான் மாப்பிள்ளை."

"அப்போ யாரோ போன்ல சொல்றாங்க. எதிரணியில ஒரு துரோகி."

"துரோகிக்கு இடது வலது தெரியாதா?"

மாப்பிள்ளை கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அவருக்கு அது பெரிய தூரம்.

---

அம்மா வீடு அதே ஊரில், இரண்டாம் மாடியில் இருந்தது; மகள்தான் வழிகாட்டினாள். கதவைத் திறந்தவர் மருத்துவமனைச் சீருடையில் நின்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த செவிலியர்; இரவுப் பணிக்கு முன்கூட்டியே தயாராகிவிட்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற இரண்டு ஆண்களைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி நிதானமாக அடங்கியது.

"வக்கீலா, போலீஸா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லம்மா. சும்மா பார்க்க வந்தோம்," என்றார் சர்வேயர்.

"சும்மா பார்க்க வர்றவங்க செருப்பை இவ்வளவு ஒழுங்கா விடமாட்டாங்க. உள்ளே வாங்க. சிஸ்டர்னே கூப்பிடுங்க, அதான் பழக்கம்."

கூடத்தில் உட்கார வைத்தார். தண்ணீர் எடுக்க எழுந்தவரைத் தடுத்து மாப்பிள்ளை தானே சமையலறைக்குப் போனார். மகள் சுவரோரம் நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தோணுதுன்னு சொன்னீங்களாம். எப்படித் தோணும்?" என்று சர்வேயர் ஆரம்பித்தார்.

"உங்களுக்குப் பின்னாடி யாராவது வந்து நின்னா தெரியாதா? அந்த மாதிரி. கம்பெனிலயும் இதையேதான் கேட்டாங்க. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. எனக்கே நம்ப முடியலை, அவங்களைச் சொல்லி என்ன பண்றது? அங்கே அந்தக் குளிர் ரூம்ல உக்காந்தா ஒண்ணுமே தோணலை." பேச்சை நிறுத்தாமல் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "தம்பி, ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடலை பாருங்க."

மாப்பிள்ளை தண்ணீர்க் குவளையோடு வந்துகொண்டிருந்தவர், திரும்பிப் போய்க் கதவை அழுத்தி மூடினார். கூடத்திலிருந்து ஃபிரிட்ஜ் தெரியவே தெரியாது.

சர்வேயர் அந்தக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் யோசித்தார்.

கணினி இருந்த அறை சிறியது. ஜன்னல் மூடியிருந்தது. மின்விசிறி சுற்றவில்லை, உள்ளே நுழைந்த உடனே கழுத்து வியர்த்தது. சிஸ்டர் கணினியை இயக்கி, ஆட்டத்தைத் திறந்தார். ஹெட்போனை மாட்டினார், ஒரு காதில் மட்டும்.

"ரெண்டு காதுலயும் போட மாட்டீங்களா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வரும் சார். ஒரு காது எப்பவும் வெளியே இருக்கணும்."

"ஃபேன்?"

"அது சுத்தினா ஏனோ ஆட்டத்துல மனசு நிக்க மாட்டேங்குது."

சர்வேயர் காதருகே கையை வீசினார். கொசு ஒன்று பாடியது போலிருந்தது. சுற்றிலும் பார்த்தார். கொசு இல்லை.

மாப்பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது. ஆட்டத்தை மூடிக் கணினியை அணைத்துப் பெட்டியைக் கழற்றினார். தனக்குத் தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் விளக்கடித்துத் தேடினார். வேண்டாத கார்டு எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் தூசி.

"சுத்தமா இருக்கு மச்சான். அழுக்கா இருக்கு, ஆனா சுத்தமா இருக்கு," என்றார் ஏமாற்றத்தோடு. "படம் வரையற கிராஃபிக்ஸ் கார்டுதான் படுகிழவன். கடைக்கு வந்திருந்தா மாத்தச் சொல்லியிருப்பேன்."

"மாத்தாதீங்க. அப்படியே மூடி ஆன் பண்ணுங்க," என்றார் சர்வேயர். பிறகு பூட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார்.

---

பூட்டுக்காரர் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சர்வேயர் அவரை வாசல் அறையில் உட்கார வைத்து லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். எதிரணி ஆளாக அதே மாளிகைக்குள் நுழைய வேண்டும். சிஸ்டரின் பாத்திரம் நிற்கும் அறைக்குப் பக்கத்தில் எப்போது தோன்றுகிறதோ அப்போது வர வேண்டும், எப்போது தோன்றுகிறதோ அப்போது விலக வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது.

உள்ளே, சிஸ்டரை நாற்காலியோடு திருப்பி, திரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். ஹெட்போனை வாங்கிக்கொண்டார். ஆட்டத்தின் ஒலியை முழுதும் நிறுத்தினார்.

"கண்ணை மூடிக்குங்க. யாரோ வந்துட்டாங்கன்னு தோணினா கையைத் தூக்குங்க. போயிட்டாங்கன்னு தோணினா இறக்கிடுங்க."

"திரையே பார்க்காம எப்படி?"

"உங்களுக்குத் தோணுறதுக்குத் திரை வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

இரண்டு அறைகளும் தெரியும்படி வாசற்படியில் நின்றுகொண்டார். மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். மாப்பிள்ளை மூச்சைக்கூட அடக்கியிருந்தார்.

பூட்டுக்காரரின் விரல்கள் விசைகளில் நகர்ந்தன. லேப்டாப் திரையில் ஒரு நிழல் தாழ்வாரத்தைக் கடந்து சுவரருகே வந்தது.

உள்ளே கை உயர்ந்தது.

நிழல் விலகியது. கை இறங்கியது. நிழல் வந்தது, கை. பூட்டுக்காரர் வருவது போலப் போக்குக்காட்டிப் பாதியில் நின்றார். கை உயரவில்லை. முழுதாக வந்தார். உயர்ந்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது. எத்தனை விதமாக வந்து பார்த்தாலும் கை பிசகவில்லை.

"இப்போ ஃபேனைப் போடு," என்று சர்வேயர் மகளிடம் சொன்னார்.

அவள் பொத்தானைத் தட்டினாள். விசிறி கடகடவென்று சுற்றத் தொடங்கியது. நிழல் வந்தது, சுவரை ஒட்டியே நின்றது, போனது, மறுபடி வந்தது. சிஸ்டரின் கை மடியிலேயே கிடந்தது.

"நிறுத்தும்மா."

விசிறி ஓய்ந்தது. சில நொடிகள். கை மெல்ல உயர்ந்தது.

வாசல் அறையில் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் எழுந்து உள்ளே வந்துவிட்டார். "என்ன நடக்குது இங்கே?"

"யாரும் பேசாம, இந்தப் பெட்டிகிட்ட காதை வச்சுக் கேளுங்க," என்றார் சர்வேயர். "மாப்பிள்ளை, நீங்க போய் அந்த லேப்டாப்புல வந்து வந்து போங்க."

மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் சந்தோஷம் தேவைப்படவில்லை. பூட்டுக்காரர் தரையில் மண்டியிட்டுக் காதை வைத்தார். பழைய கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து கொசுவின் பாட்டு போல ஒரு மெல்லிய கீச்சொலி வந்துகொண்டிருந்தது. ஒரு கணத்தில் அது இழை அளவு தடித்தது. பிறகு மெலிந்தது. மறுபடி தடித்தது.

அவர் முகம் மாறியது.

"பழைய கார்டு. வேலை கூடினா கத்தும்," என்று மாப்பிள்ளை வாசல் அறையிலிருந்தே கத்தினார். "என் கடையில தினம் கேக்கறதுதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காதுல விழறதே இல்ல."

"நீ கல்லூரியில இதே கம்ப்யூட்டர்ல ஆடினியே, கேக்கலையா?" என்று சர்வேயர் மகளிடம் கேட்டார்.

"நான் ரெண்டு காதுலயும் மாட்டிப்பேன் சார். வெளியுலகமே கேக்காது."

"உங்கம்மாவுக்கு ஒரு காது எப்பவும் வெளியே. தீவிர சிகிச்சைப் பிரிவுல ராத்திரி பகலா மெஷினுக்கு நடுவுல இருக்கறவங்க. எந்த மெஷினோட சத்தம் மாறினாலும், மாறுச்சுன்னு மனசுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உடம்பு திரும்பிடும். சமையலறையில ஃபிரிட்ஜ் மோட்டார் சத்தம் மாறினப்போ, என்கிட்ட பேசிக்கிட்டே கதவு மூடலைன்னு சொன்னாங்க. எப்படித் தெரியும்னு கேட்டிருந்தா, தோணுச்சுன்னுதான் சொல்லியிருப்பாங்க."

சிஸ்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கணினியை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "இதுவா சொல்லிட்டிருந்துச்சு?"

"இதுதான். ஆனா சத்தத்துக்கு இடது வலது கிடையாது. வந்தாச்சுன்னு மட்டும்தான் சொல்லும். அதனாலதான் பாதி தடவை தப்பான பக்கம் திரும்பினீங்க. சுவரைத் தாண்டிப் பார்த்துத் திருட்டாட்டம் ஆடறவர் அப்படித் திரும்பவே மாட்டார்." அவர் மகளின் பக்கம் திரும்பினார். "லீவுல வந்த அன்னைக்கு நீ ஃபேனைப் போட்டே. கம்பெனிக்காரங்க சத்தமே வராத புது கம்ப்யூட்டர்ல உக்கார வச்சாங்க. ரெண்டு இடத்துலயும் தோத்தாங்க. ஏமாத்த முடியாததால தோத்தாங்கன்னு ரெண்டு பேரும் நினைச்சீங்க. கேக்க முடியாததால தோத்தாங்க."

மகள் கையிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை," என்றார் சர்வேயர். "சுவருக்குப் பின்னாடி இருக்கறவன் திரையில தெரியப்போறதே இல்ல. அவன் வந்தா இந்த கம்ப்யூட்டருக்கு ஏன் வேலை கூடணும்?"

பூட்டுக்காரர் தரையிலிருந்து எழவில்லை. அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. ஆனால் நிம்மதி கலந்திருந்தது.

"ஏன்னா நாங்கதான் அனுப்பறோம் சார். எதிராளி பக்கத்துல வந்தவுடனே, சுவருக்குப் பின்னாடி இருந்தாலும், அவன் எங்கே நிக்கறான்னு எல்லா கம்ப்யூட்டருக்கும் முன்கூட்டியே அனுப்பி, அவன் உருவத்தை வரைஞ்சு தயாரா வைக்கச் சொல்லுவோம். வாசல்ல அவன் தலை தெரியறப்போ படம் திக்கக் கூடாதுன்னு. ரகசியத்தை நாங்களே வீடு வீடா கொண்டுபோய்க் கொடுத்துட்டு, அதை யாரும் பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு பூட்டு மேல பூட்டா போட்டுட்டிருந்திருக்கேன். எங்க ஆபீஸ்ல எல்லாம் புதுசு. ஒண்ணும் கத்தாது. அதனால யாருக்கும் கேக்கலை."

"உங்க பூட்டுல ஓட்டை இல்ல," என்றார் சர்வேயர். "எல்லாம் சரியா இருக்குன்னு உங்க சில்லு ஒவ்வொரு தடவையும் சாட்சி சொல்லுச்சு. உண்மையைத்தான் சொல்லுச்சு. நீங்கதான் உங்க சாட்சியை நம்பலை."

பூட்டுக்காரர் தலையசைத்தார். தொலைபேசியை எடுத்து நிறுவனத்தில் யாரிடமோ தடை அறிவிப்பை நிறுத்தச் சொன்னார். காரணம் கேட்டிருக்க வேண்டும். "பிறகு சொல்றேன், நம்ப மாட்டீங்க," என்று வைத்துவிட்டார்.

"நாளைக்கு ஆட்டம்?" என்று சிஸ்டர் கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதைக் கேட்டுகிட்டு ஆடினா அது நியாயம் இல்லையே. தெரியாம கேட்டது வேற. இனிமே கேட்டா திருட்டுதான்."

"நாளைக்கு யாருக்கும் கேக்காது மேடம். ஆட்டம் தொடங்கறப்பவே எல்லாரையும் எல்லா கம்ப்யூட்டர்லயும் வரைஞ்சு ஓடவிட்டுடுவோம். யார் எங்கே நகர்ந்தாலும் வேலை கூடாது, குறையாது. கார்டு ஒரே சுருதியில கத்திக்கிட்டு இருக்கும். அந்தத் தகவலை யாராவது திருடிப் பார்க்க நினைச்சா, அதைத் தடுக்கத்தான் சில்லு இருக்கு. அப்புறம் நிதானமா, கண்ணுல படப்போற ஆளை மட்டும் அனுப்பற மாதிரி சர்வரையே மாத்தி எழுதிடுவேன்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. உங்களை அந்த ரூம்ல உக்கார வச்சுக் கேட்டப்போ, நான் ஏற்கனவே முடிவு பண்ணியிருந்தேன்."

"கண்டுபிடிக்கணும்னுதானே கேட்டீங்க," என்றார் சிஸ்டர். "போய்த் தூங்குங்க. கண்ணு ரெண்டும் நல்லா இல்ல."

மாப்பிள்ளை வாசல் அறையில் இன்னும் சுவரருகே வந்து போய்க்கொண்டிருந்தார். போதும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பணிக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மகள் வழியில் நின்றாள்.

"அம்மா. புகார் எழுதினது நான்."

"தெரியும்."

"எப்படி?"

"புகார் அந்தந்த அணி கேப்டன் மட்டும்தான் எழுத முடியும்னு விதியில போட்டிருக்கு. நீ மட்டும்தான் படிப்பியா அதை?"

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கலை?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்." சிஸ்டர் செருப்பை மாட்ட ஒரு கையால் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். மாட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. "வேற யாரோட அம்மாவா இருந்திருந்தா எழுதியிருப்ப இல்ல?"

"எழுதியிருப்பேன்."

"அப்போ சரி. என் அம்மாங்கறதால விட்டுட்டேன்னு நீ சொல்லியிருந்தாதான் எனக்கு உறுத்தியிருக்கும். ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம்டி. அது மட்டும்தான் வலிச்சுது."

மகள் தலையசைத்தாள். அம்மாவின் சீருடைக் காலரைச் சரிசெய்தாள்.

"தங்கறியா, ஊருக்குப் போறியா?"

"தங்கறேன். நாளைக்கு இங்கேர்ந்தே, என் லேப்டாப்புல ஆடறேன்."

"சாவி ஆணியில இருக்கு." படியில் இரண்டு அடி இறங்கி, சிஸ்டர் நின்று திரும்பினார். "நாளைக்கு இடது வாசலை நான் பார்த்துக்கறேன். வலது பக்கத்துல நீ நில்லு. இனிமே யார் வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது."